கடைமடைக்கு வந்த வைஃபை

“உங்கள் வீட்டில் கடைசி அறை எது, அண்ணாச்சி?”

அம்பாசமுத்திரத்தில் அந்தக் கடைக்குள் நுழைந்து, வைஃபை சரியாக வரவில்லை என்று நான் சொல்லி முடித்ததும் கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி இது. எந்தத் திட்டம் எடுத்திருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. எவ்வளவு செலவழிப்பீர்கள் என்றும் கேட்கவில்லை. கடைசி அறையைக் கேட்டார். அந்த ஒரு கேள்விக்காகவே இந்த மதிப்புரையை எழுத உட்கார்ந்தேன்.

நான் கன்னடியன் கால்வாயில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வீடு வீரவநல்லூர். தலைமடையில் தண்ணீர் கரை தொட்டுப் போவதைக் கால்வாய்க்காரர்கள் யாரும் பெரிதாகச் சொல்லமாட்டார்கள். அணைக்கட்டுக்குப் பக்கத்தில் தண்ணீர் இருக்கத்தான் செய்யும். கடைமடை வயலில் கால் நனைகிறதா என்று பார்க்க வேண்டும். கார் சாகுபடியிலும் பிசானத்திலும் நான் கேட்ட ஏச்சுகள் எல்லாம் கடைமடைக்காரர்களிடம் கேட்டவை. பெரும்பாலும் அவர்கள் பக்கம்தான் நியாயம் இருந்தது.

எங்கள் வீடு பழைய காலத்து நீள வீடு. தெருவில் திண்ணை, அடுத்துத் தார்சா, பிறகு பட்டாசல், அதை ஒட்டி முன்பு நெல் போட்டு வைத்த அரங்கு, அடுக்களை, சிறு முற்றம், அதற்கும் பின்னால் ஒரு காலத்தில் மாட்டுத் தொழுவாக இருந்த இடம். வாசலிலிருந்து புறவாசல் வரை 74 அடி. இடையில் 4 குறுக்குச் சுவர்கள். செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் வைத்து ஒன்றே முக்கால் அடி கனத்தில் என் தாத்தா கட்டியவை. தொழுவை 3 ஆண்டுகளுக்கு முன்பு அறையாக மாற்றினோம். சென்னையில் உள்ள ஒரு நிறுவனத்தின் கணக்கு வேலையை என் மருமகள் வீட்டிலிருந்தே பார்க்கிறாள். அந்தத் தொழு அறைதான் அவளுடைய அலுவலகம். தெருச் சத்தம் வராது, பக்கத்து வீட்டுத் தறிச் சத்தமும் அவ்வளவாகக் கேட்காது.

சென்ற ஆண்டு ஒரு நிறுவனத்திடம் ஃபைபர் இணைப்பு வாங்கினோம். பெயர் வேண்டாம். 100 எம்பிபிஎஸ் வரும் என்றார்கள். இணைப்புக் கொடுக்க வந்தவர் வைஃபை அலையைப் பரப்புகிற ரௌட்டர் பெட்டியைத் தார்சாவில் சுவிட்சுப் பலகைக்குப் பக்கத்தில் மாட்டினார். தன் கைபேசியை அதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்து வேகம் பார்த்தார். 94 காட்டியது. கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். தலைமடையில் அளவெடுத்துவிட்டு, பாசனம் முழுவதும் தண்ணீர் பாய்ந்துவிட்டதாகப் பதிவேட்டில் எழுதினால் எப்படி இருக்கும், அப்படித்தான் இது. இந்தத் துறையின் சொற்கள் எதுவும் அன்று எனக்குத் தெரியாது. கேட்க வேண்டியதைக் கேட்காமல் கையெழுத்துப் போட்டேன்.

தொழு அறையில் வேகம் 3, 4 என்பதற்கு மேல் ஏறவில்லை. கூட்டத்தில் பேசிக்கொண்டிருக்கும்போதே மருமகளின் படம் திரையில் அசையாமல் நின்றுவிடும். மடிக்கணினியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, முற்றம், அடுக்களை, பட்டாசல் எல்லாம் தாண்டித் தார்சாவுக்கு ஓடி வருவாள். வேலை போய்விடுமோ என்ற கவலை அவள் முகத்தில் தெரியும். தொலைபேசியில் முறையிட்டால் 200 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறச் சொன்னார்கள். மாறினோம். 5 மாதங்கள் கூடுதல் பணம் கட்டினோம். தொழுவில் அதே 3, அதே 4. பிறகு, வருகிற அலையை வாங்கித் திரும்ப அனுப்புகிற ரிப்பீட்டர் என்ற ஒரு சிறு கருவியை இணையத்தில் வாங்கி அரங்குக்குப் பக்கத்தில் செருகினோம். கைபேசியில் கோடுகள் நிறையக் காட்டியது. வேகம் மட்டும் வரவில்லை.

இந்த நிலையில்தான் பஸ் ஏறி, கல்லிடைக்குறிச்சி தாண்டி, ஆற்றுப் பாலத்தைக் கடந்து அம்பைக்குப் போனேன்.

கடை 8 அடிக்கு 10 அடி இருக்கும். பெயர்ப் பலகை கிடையாது. கண்ணாடிக் கதவில் ‘கம்ப்யூட்டர், வைஃபை, கேமரா’ என்று ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான். பெயர் சொல்லாமல் எழுதுகிறேனே என்று யாரும் நினைக்க வேண்டாம். கடைக்காரருக்கு 30 வயது இருக்கும். கடைசி அறை தொழு என்று நான் சொன்னதும், “வீட்டை வரைந்து காட்டுங்கள், சுவர் ஒவ்வொன்றும் எதனால் கட்டியது என்று எழுதுங்கள்” என்று ஒரு தாளை நீட்டினார். இணையக் கட்டண ரசீதின் பின்பக்கத்திலேயே வரைந்தேன். கால்வாய் வரைபடம் போட்ட கை, கோடு நேராக வந்தது.

ரசீதைத் திருப்பிப் பார்த்தவரிடம் ஒரு சந்தேகம் கேட்டேன். அதில் 200 எம்பிபிஎஸ் என்று ஓர் எண் இருந்தது, மாதத்துக்கு இத்தனை ஜிபி என்று இன்னோர் எண் இருந்தது. இரண்டும் ஒன்றா? “முதலாவது ஒரு விநாடியில் வருகிற அளவு, இரண்டாவது மாதம் முழுக்கச் சேர்கிற மொத்தம்” என்றார். சட்டென்று பிடிபட்டுவிட்டது. முதலாவது விநாடிக்கு இத்தனை கனஅடி என்பது. இரண்டாவது இத்தனை மில்லியன் கனஅடி இருப்பு என்பது. விநாடிக்கு 11.57 கனஅடி வீதம் 24 மணி நேரம் ஓடினால் 1 மில்லியன் கனஅடி சேரும். எங்கள் வேலையில் இது மனப்பாடக் கணக்கு. இதைச் சொன்னதும் தம்பி கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்துவிட்டார். “இப்படி யாரும் எனக்குச் சொன்னதில்லை அண்ணாச்சி” என்றார். அதற்குப் பிறகு அவர் விளக்கியதெல்லாம் வாய்க்கால் கணக்கில்தான்.

அதில் ஒரு கண்ணி இருப்பதையும் காட்டினார். எம்பிபிஎஸ் என்பது மெகாபிட் கணக்கு. நாம் கோப்புகளை அளப்பது மெகாபைட் கணக்கில். 8 பிட் சேர்ந்தால் 1 பைட். ஆகவே 100 எம்பிபிஎஸ் இணைப்பில் விநாடிக்கு 12.5 மெகாபைட்தான் இறங்கும். 1 ஜிபி அளவுள்ள ஒரு படத்தை இறக்க, எல்லாம் சரியாக இருந்தால் 80 விநாடி ஆகும். விளம்பரத்தில் பெரிய எண்ணாகத் தெரிவது பிட் கணக்கு என்பதால்தான். மரக்காலில் விலை பேசிப் படியில் அளந்து தருவதுபோல ஏமாற்றிவிட்டார்களோ என்று இனி யாரும் பதற வேண்டியதில்லை, 8-ஆல் வகுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று: இறக்கமும் ஏற்றமும். டவுன்லோடு, அப்லோடு என்று தனித்தனியாக இரண்டு வேகங்கள் இருக்கின்றன. நாளிதழில் அணை நிலவரம் போடும்போது நீர்வரத்து, வெளியேற்றம் என்று இரண்டு வரி போடுவார்களே, அதேதான். படம் பார்க்கிறவருக்கு வரத்து போதும். மருமகளைப் போல முகம் காட்டிப் பேசுகிறவருக்கு வெளியேற்றமும் வேண்டும். அவளுடைய முகம் நின்றுபோனதற்கு வெளியேற்றம் குறைந்ததும் ஒரு காரணம். எங்களிடம் இதை அதுவரை யாரும் சொன்னதே இல்லை. அவள் பேசுகிற மாதிரிக் கூட்டத்துக்கு இரண்டு பக்கமும் 4, 5 எம்பிபிஎஸ் தடையில்லாமல் கிடைத்தால் போதுமாம்.

அப்படியானால் 200 திட்டம் எதற்கு என்று கேட்டேன். “தேவையில்லை. 100-க்கே திரும்பிவிடுங்கள். உங்கள் வீட்டுக்கு அதுவே அதிகம்” என்றார். எனக்கு எதுவும் விற்பதற்கு முன்னால் எனக்கு மாதாமாதம் மிச்சமாகிற வழியைச் சொன்னார். கடைகளுக்கு நட்சத்திரம் கொடுக்கிற வழக்கம் இருக்கிறதே, 5 நட்சத்திரத்தில் எனக்கு அப்போதே 4 விழுந்துவிட்டது.

அலமாரியில் இருந்த ஒரு ரௌட்டர் பெட்டியில் 1200 என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. 1200 எம்பிபிஎஸ் வருமா என்றேன். வராது. 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற அலைவரிசையில் 300, 5 கிகாஹெர்ட்ஸில் 867, இரண்டையும் கூட்டி முழு எண்ணாக்கிப் போட்டிருக்கிறார்கள். சாதாரணக் கைபேசி ஒரே நேரத்தில் இரண்டிலும் இழுக்காது. அந்த 867-ம் ஏட்டுக் கணக்கில் வருகிற உச்ச எண்தான். பாபநாசம் அணையின் உயரம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118. இந்த எண்கள் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கே தெரியும். அதற்காக மே மாதத்தில் அணையில் 143 அடி தண்ணீர் நிற்கும் என்று யாரும் நினைப்பதில்லையே. பெட்டியில் போட்டிருப்பது கொள்ளளவு. இன்றைய நீர்மட்டம் வேறு.

2 நாள் கழித்து வருவதாகச் சொன்னவர் 4-ஆம் நாள்தான் வந்தார். இது ஒரு குறை, குறித்துக்கொள்கிறேன். ஆனால் வந்தவர் பெட்டியைத் திறக்கவில்லை, ஆணியை எடுக்கவில்லை. கைபேசியில் ஒரு செயலியைத் திறந்து வைத்துக்கொண்டு, வாசலிலிருந்து தொழு வரைக்கும் ஒவ்வோர் அறையிலும் அரை நிமிடம் நின்றார். நான் பின்னாலேயே தாளும் பேனாவுமாகப் போனேன். மதகு மதகாக அளவுகோல் பார்த்துக் குறித்துக்கொண்டு போன நாட்கள் நினைவுக்கு வந்தன.

அலையின் வலுவை டிபிஎம் என்ற அளவில் சொல்கிறார்கள். எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி இருக்கும். ஆகவே எண் சிறிதாக இருந்தால் வலு அதிகம். தார்சாவில் −38. பட்டாசலில் −57. அரங்கைத் தாண்டி அடுக்களையில் −78. தொழுவில் −84. 38-க்கும் 84-க்கும் வித்தியாசம் 46தானே என்று நினைத்தேன். இந்த அளவில் 10 கூடினால் வலு பத்தில் ஒரு பங்காகிறது, 20 கூடினால் நூறில் ஒரு பங்கு. 46 என்றால், தார்சாவில் இருந்ததில் ஏறக்குறைய நாற்பதாயிரத்தில் ஒரு பங்குதான் தொழுவுக்கு வந்து சேர்கிறது. −67 வரை இருந்தால் முகம் பார்த்துப் பேசலாம், −80-ஐத் தாண்டினால் தொல்லைதான் என்றார்.

பட்டாசலுக்கும் அடுக்களைக்கும் நடுவில் 21 ஒரேயடியாக விழுந்திருக்கிறதே, என்ன காரணம் என்று அவர் மறுபடியும் அங்கே போனார். சுவர் ஓரமாகக் கையை நீட்டி நீட்டிப் பார்த்தவர் அரங்குக் கதவுக்குப் பக்கத்தில் நின்றார். என் மனைவி கல்யாணத்துக்குக் கொண்டுவந்த இரும்பு பீரோ அந்தச் சுவரில்தான் சாய்ந்திருக்கிறது. பீரோவுக்கு முன்னால் −59, பின்பக்கம் −75. அலை இரும்பைத் துளைக்காது, சுற்றித்தான் வர வேண்டும். சுவர் ஒரு பங்கைக் குடிக்கிறது, மீதியை பீரோ தடுக்கிறது. “பீரோவை நகர்த்த வேண்டாம் அத்தை, வேறு வழி இருக்கிறது” என்று அவளிடம் முதலில் சொல்லிவிட்டுத்தான் என் பக்கம் திரும்பினார்.

2.4, 5 என்று இரண்டு அலைவரிசைகள் எதற்கு என்பதை அப்போதுதான் கேட்டேன். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர், அரைச் சாணுக்குச் சற்றுக் கூடுதல். 5 கிகாஹெர்ட்ஸ் அலை அதில் பாதிதான், மூன்று விரல் அகலம். நீளமான அலை சுவரைத் தாண்டிப் போகும். ஆனால் இடம் குறைவு, வேகம் குறைவு. குட்டை அலை வேகமாகக் கொண்டுவரும். இரண்டு சுவர் தாண்டினால் சோர்ந்துவிடும். எங்கள் வீட்டில் 5 பட்டாசலோடு நின்றுவிட்டது. தொழுவுக்கு வந்ததெல்லாம் 2.4 தான், அதுவும் ஓட்டை வாளியில் கொண்டுவந்த தண்ணீராக.

பிறகு அவர் சொன்ன சொல்தான் என்னை மிகவும் தொட்டது. “2.4-ல் சேனல் மாற்ற வேண்டும்” என்றார். சேனல்! எங்கள் அலுவலகப் பதிவேடுகளில் கன்னடியன் கால்வாயின் பெயர் ‘கன்னடியன் சேனல்’ என்றுதான் இருக்கும். 31 ஆண்டுகள் நான் எழுதிய சொல். 2.4-ல் நம் நாட்டில் 13 சேனல்கள் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றும் பக்கத்துச் சேனல்மேல் வழிகிற அளவுக்கு அகலமானது. ஒன்றின்மேல் ஒன்று படாமல் ஓட வேண்டுமானால் 1, 6, 11 ஆகிய மூன்றுதான் தேறும். எங்கள் தெருவில் 9 வைஃபைகள் தெரிந்தன. அவற்றில் 6, சேனல் 6-ல் இருந்தன. எங்களுடையதும் அதிலேயே கிடந்தது. ஒரே வாய்க்காலில் ஏழு பேர் மடை வெட்டினால் என்ன ஆகுமோ அதுதான் ஆகியிருக்கிறது. 11-க்கு மாற்றினார். அதிலேயே தொழுவில் வேகம் 4-லிருந்து 7 ஆயிற்று. இதற்குப் பணம் இல்லை, பொருள் இல்லை, 2 நிமிட வேலை.

ரிப்பீட்டர் ஏன் உதவவில்லை என்பதற்கும் விடை கிடைத்தது. வைஃபையில் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். மற்றவர்கள் முறைக்குக் காத்திருக்க வேண்டும். முறைப்பாசனம்தான். எங்கள் வீட்டு ரிப்பீட்டர் ஒரே சேனலில் கேட்டு, அதே சேனலில் திரும்பச் சொல்லும் வகை. ஒரு செய்திக்கு இரண்டு முறை எடுத்துக்கொள்வதால் வேகம் பாதியாகிறது. அதிலும் நாங்கள் அதைச் செருகிய இடத்துக்கே வலு குறைவாகத்தான் வந்துகொண்டிருந்தது. வறண்ட இடத்தில் இறைப்பு எந்திரம் வைத்தது போல. கோடுகள் நிறையக் காட்டியது ரிப்பீட்டருக்கும் கைபேசிக்கும் இடையிலுள்ள வலுவை. ரிப்பீட்டருக்கும் ரௌட்டருக்கும் இடையில் என்ன நடக்கிறது என்பதை அந்தக் கோடுகள் சொல்லாது. இதைத் தெரிந்துகொள்ளாமல் எத்தனை வீடுகளில் இந்தக் கருவியை வாங்கி வைத்திருக்கிறார்களோ என்று எனக்கு மனம் வருந்தியது.

அவர் சொன்ன வழி, கம்பி. தார்சாவிலிருந்து தொழுவுக்குக் கேட் 6 என்ற வகைக் கம்பி இழுத்து, தொழு அறையில் இன்னொரு கருவியை வைப்பது. சுவர்களோடு அலையைப் போராட விடாமல், கடைமடைக்கு நேராகக் குழாய் போட்டுவிடுகிற யோசனை. இந்தக் கம்பி 100 மீட்டர் வரை தாங்கும். எங்களுக்கு வேண்டியது 27 மீட்டர்.

கம்பிச் சுருளைப் பிரித்ததும் நுனியை வெட்டி என் கையில் கொடுத்து, ஓர் இழையைக் கத்தியால் சுரண்டச் சொன்னார். உள்ளேயும் செம்பு நிறமாகவே இருந்தது. சட்டைப்பையிலிருந்து வேறொரு துண்டை எடுத்துத் தந்து அதையும் சுரண்டச் சொன்னார். மேலே செம்பு, உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சு. விலை குறைவு, சில நாளில் முனை ஒடியும், தூரம் போனால் வேகம் இறங்கும். வாங்குகிறவர் சுரண்டிப் பார்க்கமாட்டார் என்ற நம்பிக்கையில் விற்பது. இவர் சுரண்டச் சொல்லி விற்கிறார்.

உறையை உரித்தால் உள்ளே 8 இழைகள், இரண்டிரண்டாக முறுக்கி 4 சோடிகள். ஒவ்வொரு சோடியிலும் முறுக்கின் நெருக்கம் வேறு. ஏன் முறுக்கு என்றேன். பக்கத்து இழையின் மின்சாரம் இதில் கலக்காமல் இருக்க. முறுக்கைப் பிரித்து, விரலால் நீவி நேராக்கி, வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு என்று வரிசைப்படுத்தி, நுனிகளை ஒரே மட்டத்தில் நறுக்கி, கண்ணாடி போன்ற சிறு கொக்கிக்குள் செலுத்தி இடுக்கியால் ஒரே அழுத்தாக அழுத்தினார். பக்கத்து வீட்டுத் தறிக்காரர் அப்போது வந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பாவு பிணைக்கிறவர் அவர்; இழை மாறினால் துணி என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். “பச்சைச் சோடியின் நடுவில் நீலம் ஏன் வருகிறது?” என்று சரியான இடத்தில் கேட்டார். பழைய தொலைபேசிக் கம்பிக்கு நடு இரண்டு இழைகள் என்ற ஏற்பாட்டோடு பொருந்துவதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள் என்று தம்பி சொன்னார். இரு முனையிலும் சோதனைக் கருவியைப் பொருத்தினார். 1 முதல் 8 வரை சிறு விளக்குகள் வரிசையாக எரிந்தன. எட்டும் ஒழுங்காக இருந்தால்தான் 1000 எம்பிபிஎஸ் வரை போகும். 4 இழை மட்டும் பிடித்தாலும் கம்பி வேலை செய்யும், ஆனால் 100-ல் நின்றுவிடும். அதனால்தான் விளக்கைப் பார்க்காமல் எழுந்திருக்கக் கூடாது என்றார்.

தொழுவில் வைத்த கருவியும் ஒரு ரௌட்டர்தான், விலை குறைந்த வைஃபை 5 வகை. (இந்த 4, 5, 6 என்ற எண்கள் 2018-ல் வந்தவை. அதற்கு முன்பு 802.11 என்ற எண்ணோடு எழுத்துகளைச் சேர்த்துச் சொல்லி எல்லோரையும் குழப்பிக்கொண்டிருந்தார்கள்.) அதைச் செருகியதும் வேலை முடிந்தது என்று நினைத்தேன். இல்லை. தார்சாப் பெட்டிக்கும் இதற்கும் 192.168.1.1 என்று ஒரே முகவரி. வீட்டில் உள்ள ஒவ்வொரு கைபேசிக்கும் கணினிக்கும் ஐபி முகவரி என்று ஓர் எண்ணை ரௌட்டர் கொடுக்கிறது. அதை நிரந்தரமாகக் கொடுப்பதில்லை, இத்தனை மணி நேரத்துக்கு என்று குத்தகைக்குத்தான் விடுகிறது. குத்தகை முடிந்தால் புதுப்பிக்க வேண்டும். குத்தகைச் சீட்டு எழுதுகிறவர் ஒருவர்தான் இருக்க வேண்டும். இரண்டு பேர் எழுதினால் ஒரே வயலில் இரண்டு பேர் ஏர் பூட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள். ஆகவே தொழுக் கருவியின் குத்தகை எழுதும் வேலையை நிறுத்தி, முகவரியை 192.168.1.2 என்று மாற்றி, அதை ‘ஆக்சஸ் பாயின்ட்’ என்ற நிலையில் வைத்தார். இனி அது மடை மட்டும்தான். கணக்குப் பார்ப்பதெல்லாம் தார்சாப் பெட்டி. இரண்டுக்கும் வைஃபை பெயர் ஒன்றே, கடவுச்சொல் ஒன்றே; ஆனால் சேனல் வேறு வேறு. பேரன் கைபேசியோடு வாசலிலிருந்து புறவாசலுக்கு நடந்தான். நடுவழியில் கைபேசி தானாக ஒரு கருவியை விட்டு மற்றதைப் பிடித்துக்கொண்டது.

கடவுச்சொல் வைக்கிற இடம் வந்ததும் கைபேசியை என்னிடம் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். “எனக்குத் தெரியக் கூடாது அண்ணாச்சி. தொலைபேசி எண்ணை மட்டும் வைக்காதீர்கள்” என்றார். ரௌட்டருக்குள் நுழைகிற கடவுச்சொல் வேறு, வைஃபை கடவுச்சொல் வேறு என்பதையும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். முதலாவதைத் தொழிற்சாலையில் வைத்தபடியே விட்டிருந்தார்கள். ‘அட்மின்’ என்று அடித்தால் யார் வேண்டுமானாலும் திறக்கலாம். ஓராண்டாக மதகுக்குப் பூட்டு இல்லாமல் இருந்திருக்கிறோம். அதையும் மாற்றினேன். பாதுகாப்பு முறையில் டபிள்யூபிஏ 2 இருந்தது, அது போதும், டபிள்யூஇபி என்ற பழையதை மட்டும் யாரும் வைத்திருக்கக் கூடாது என்றார்.

பிறகு அளவு. தொழு அறையில், மருமகளின் நாற்காலியில் அவளையே உட்கார வைத்து, அவளுடைய மடிக்கணினியிலேயே பார்க்கச் சொன்னார். வரத்து 91. வெளியேற்றம் 88. பிங் 9 மில்லிவிநாடி. பிங் என்பது இங்கிருந்து ஒரு சிறு செய்தி போய்த் திரும்புகிற நேரம். முன்பு அது 200, 350 என்று தாவிக்கொண்டிருந்தது. வாய்க்கால் எவ்வளவு அகலம் என்பது ஒன்று. மதகைத் திறந்தால் தண்ணீர் எவ்வளவு நேரத்தில் வந்து சேரும் என்பது இன்னொன்று. பேச்சுக்கும் முகத்துக்கும் இரண்டாவதுதான் முக்கியம். மருமகள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “மாமா, இனிமேல் தார்சாவுக்கு ஓட வேண்டாம்” என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

செலவு: கம்பி 27 மீட்டர், 756 ரூபாய். ரௌட்டர் 1,650. கொக்கி, கிளிப், வேலைக்கூலி எல்லாம் சேர்த்து 900. மின்தடைக்கு ரௌட்டருக்கென்றே சிறு யுபிஎஸ் ஒன்று 1,400 என்றார், ஆனால் இரண்டு முனையிலும் வைத்தால்தான் பயன் என்று அவரே சொன்னதால் அதை இன்னும் வாங்கவில்லை. 200-லிருந்து 100-க்கு இறங்கியதில் மாதம் மிச்சமாகும் பணத்தில் ஓராண்டுக்குள் எல்லாம் ஈடாகிவிடும்.

குறைகள். தாமதத்தைச் சொல்லிவிட்டேன். ரசீது கேட்டால்தான் எழுதித் தருகிறார். கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும், உத்தரவாதத்துக்கு அது தேவை. எங்கள் காரைச் சுவரில் அவர் அடித்த கிளிப்புகளில் 5 ஒரு வாரத்துக்குள் மண்ணோடு உதிர்ந்துவிட்டன. சொன்னதும் வந்து, துளையில் மரக்கட்டை ஆப்பு வைத்து அதன்மேல் அடித்துக் கொடுத்தார், பணம் வாங்கவில்லை. பழைய வீடு வைத்திருப்பவர்கள் முதலிலேயே ஆப்பு வைக்கச் சொல்லுங்கள். கம்பியை வெளிச்சுவர் வழியாக மட்டுப்பாவில் கொண்டுபோனால் சுலபம் என்று நான் சொன்னதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஐப்பசி இடிமின்னலுக்குச் செம்புக் கம்பியை வெட்டவெளியில் போடக் கூடாது என்று உள்சுவரோடுதான் இழுத்தார். வேலை கூடியது, கூலியைக் கூட்டவில்லை.

தறிக்காரர் அடுத்த வாரமே என்னோடு பஸ் ஏறி அந்தக் கடைக்கு வந்தார். அவருடைய மகள் பாளையங்கோட்டையில் கல்லூரியில் படிக்கிறாள், வீட்டில் மச்சில் உட்கார்ந்துதான் பாடம் பார்ப்பாள். தம்பி அவரிடமும் கடைசி அறையைத்தான் முதலில் கேட்டார்.

போகிறவர்கள் வீட்டை ஒரு தாளில் வரைந்து எடுத்துக்கொண்டு போங்கள். நீளத்தை அடியில் குறியுங்கள், சுவரின் கனத்தையும் இரும்பு பீரோ இருக்கும் இடத்தையும் மறக்காமல் குறியுங்கள். அம்பை பஜாரிலிருந்து பிரிகிற சந்தில், தையல் கடைக்கு மாடிப்படி ஏறுகிற இடத்துக்கு அடுத்த கண்ணாடிக் கதவு. காலை 10 மணிக்குத் திறப்பார். மதியம் 2 மணியிலிருந்து 5 மணி வரை வீடுகளுக்குப் போய்விடுவார், அந்த நேரத்தில் போக வேண்டாம்.